மூன்றாவது வேப்பங்குச்சி

அத்தியாயம் ஐந்து

இருதயம் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தான் என்றால் ராஜபாளையத்தில் ஏதோ விபரீதம் என்று பொருள். ரயிலடிக்குப் போகும் வழியிலுள்ள காப்பி கிளப்பில் ஜன்னலோர பெஞ்சு அவனுடையது. கல்யாணமோ கருமாதியோ கோர்ட்டுச் சம்மனோ, காலையில் ஆறு இட்லி என்பது ஞானஸ்நானத்தோடு சேர்த்து அவனுக்குக் கொடுத்த வரம். அன்று ஆறும் தொடப்படாமல் இருந்தன. ஈ ஒன்று வந்து முதல் இட்லியைப் பார்வையிட்டுவிட்டு, திருப்தியில்லாமல் போயிற்று.

எதிரே ஜெபதுரை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்னலே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பசி இல்ல."

"உனக்கா? கேக்க எனக்கே பயமா இருக்கு."

ஜெபதுரை துப்பறிய வந்தது சமீபத்தில்தான். அதற்கு முன் இருபது வருஷம் பஞ்சுத் தரகர். மூட்டையின் வாயில் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைப் பஞ்சைத் திணித்துவிட்டு வியாபாரி சத்தியம் செய்துகொண்டிருப்பான். இவர் பதில் பேசாமல் முழங்கை வரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி உருவி மேஜைமேல் வைப்பார். அதில் போன வருஷத்துப் பழுப்பும் கொட்டைத் தூசியும் இருக்கும். வியாபாரி சத்தியத்தை நிறுத்திவிட்டு விலையைப் பேச ஆரம்பிப்பான். தரகு படுத்த பிறகு, அதே கையை மனிதர்களுக்குள் விடத் தொடங்கினார். இருதயம் தரகுக் காலத்திலிருந்தே அவருக்குக் குடை பிடித்தவன். வயது முப்பத்தைந்து, வாய்க்கு மட்டும் எழுபது.

அந்த வாய்தான் இப்போது இட்லி வேண்டாம் என்றது. காரணம் இது.

தேவதானத்தில் அரிசி மில் வைத்திருக்கும் முத்துவீரனின் எண்ணெய் இஞ்சின் பழுதாகி, மாட்டுவண்டியில் ராஜபாளையம் வந்தது. ஞானராஜின் இஞ்சின் பட்டறையில் பிட்டர் சோணைமுத்து அதைப் பிரித்துச் சரிசெய்து பூட்டிக் கொடுத்தான். மில்லுக்குத் திரும்பிப் போய் ஒரு மணி நேரம் ஓடிற்று. பிறகு உள்ளே இறுகி, இரும்புத் தடி முறிந்து, முறிந்த துண்டு பறந்து, மில்லில் இஞ்சின் ஓட்டும் வேல்சாமியின் தோளெலும்பை உடைத்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே சுழலும் கிராங்குத் தண்டுக்கு எண்ணெய் போகிற துளையில் கருகிய கட்டி ஒன்று அடைத்திருந்தது. பட்டறையில் ஓட்டை அடைக்க வைத்திருக்கும் மக்கு என்றார்கள் போலீசார். பூட்டியவன் சோணைமுத்து, ஆகவே வைத்தவனும் சோணைமுத்து. வேண்டுமென்றே சேதம் செய்தான் என்று முத்துவீரன் பிராது கொடுத்தார். ஜாமீனுக்கு ஆளில்லாமல் சோணைமுத்து மூன்று வாரமாக ஸ்ரீவில்லிபுத்தூர் சப் ஜெயிலில் இருந்தான். இன்று பதினோரு மணிக்கு விசாரணை. தண்டனை விழுந்தால் அப்புறம் எந்தப் பட்டறையும் அவனை வாசலில்கூட நிற்க விடாது.

வேண்டுமென்றே செய்தான் என்பதற்குப் போலீசாரிடம் இருந்த ஒரே சாட்சியம் இருதயத்தின் வாயிலிருந்து விழுந்தது. ஆயுத பூசையன்று அவன் அந்தப் பட்டறைக்குப் போயிருந்தான். கத்தோலிக்கன்தான், ஆனால் பொரிக்கும் கடலைக்கும் மதம் கிடையாது என்பது அவன் கொள்கை. அவசரப்படுத்த வந்த முத்துவீரனிடம் சோணைமுத்து, "இப்படி வெரட்டினா இந்த இஞ்சின் ஓடாது, நொறுங்கும்," என்று கத்தினான். விபத்து நடந்த மறுநாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து, சோணைமுத்துவின் மூக்கடைத்த குரலிலேயே இருதயம் அதை நடித்துக் காட்டினான். கிளப்பே சிரித்தது. அடுத்த பெஞ்சில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏட்டு. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் அண்ணாச்சி," என்றான் இருதயம். "சாமியார் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு. அஞ்சு நிமிசத்துல சொல்லி முடிச்சிட்டேன். சோணைமுத்துக்கு மூணு வாரம் ஆவுது, இன்னும் முடியல."

ஜெபதுரை டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எந்திரி. மணி ஏழு. பட்டறைக்குப் போவோம்."

"இந்த இட்லி?"

"ஈ பாத்துக்கிடும்."

*

ஞானராஜின் பட்டறையில் கூரைக்கடியில் ஓடிய நீளத் தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி லேத்துகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. கடைசல் இரும்பு நீலச் சுருளாக உரிந்து விழுந்தது. ஞானராஜ் உயரமான மனிதர். காதில் சாக்குக்கட்டி, மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டு. புராட்டஸ்டண்டு. ஆயுத பூசை நடத்தவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். அன்றைக்கு மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சினன் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் அவருக்கென்று ஒரு வேதம் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் தாரால் பெரிய எழுத்தில் எழுதி, எண் போட்டு வைத்திருந்தார்.

"ஆறவிட்டு அள," என்று ஜெபதுரை முதல் வரியை வாசித்தார். "என்னங்கய்யா இது?"

"கடைஞ்ச இரும்பு சூட்டுல பருத்திருக்கும்," என்றார் ஞானராஜ். "சூட்டோட அளந்தா சரியாத்தான் காட்டும். ஆறினதும் சிறுத்துப்போயி லொடலொடன்னு ஆடும். ஒரு காப்பி குடிச்சிட்டு வந்து அளக்கணும்."

சோணைமுத்து சூட்டோடு சொன்ன வார்த்தையைச் சூட்டோடு அளந்து ஏட்டிடம் கொடுத்தது யார் என்பது இருதயத்துக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் முடியவில்லை.

"ரெண்டாவது, மூடுமுன் துணியை எண்ணு. இது சலவைக்காரருக்கா?"

"சிரிக்காதய்யா. தொடைக்க அஞ்சு துணி உள்ள போனா அஞ்சும் வெளிய வரணும். சேத்தூர்ல ஒரு இஞ்சின் ஒரு முழுத் துண்டையே முழுங்கிட்டுது." ஒரு நொடி கழித்துச் சேர்த்துக்கொண்டார்: "நம்ம வேலை இல்ல அது."

"இது, புள்ளி பார்த்துப் பூட்டு."

"ரெண்டா வாற பேரிங்கைக் கழட்டும்போதே ஜோடிக்கு ஜோடி புள்ளி குத்தணும். ஒரு புள்ளிக்காரன் ரெண்டு புள்ளிக்காரனோட சேரமாட்டான்."

"கல்யாணத் தரகுன்னு சொல்லுங்க."

ஜெபதுரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஐந்தாவது விதி: அடைத்த கையே திறக்கணும்.

"மோசேக்குப் பத்து, நம்ம ஐயாவுக்கு ஒம்பது," என்றான் இருதயம்.

"எட்டு," என்றார் ஜெபதுரை. "நல்லா எண்ணு. அஞ்சுக்குப் பொறவு ஏழு வருது."

அந்த இடத்தில் மட்டும் சுவர் புத்தம் புது வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் புகையேறிய பழுப்பு.

"கறை பிடிச்சிருந்துது. சுண்ணாம்பு அடிச்சேன். இன்னும் எழுதல," என்று ஞானராஜ் சொல்லிவிட்டு, பெஞ்சுப் பக்கம் வேகமாக நடந்தார்.

ஜெபதுரை அவசரப்படவில்லை. காய்ச்சின இரும்பைக் குளிரவைக்கும் தொட்டியில் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தார். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைச் சுவரிலேயே சற்று நேரம் சாய்ந்து நின்றார். அண்ணாச்சிக்கு வயசாகிறது என்று இருதயம் நினைத்தான்.

பெஞ்சின்மேல், பிரித்துப் பார்க்கத் திரும்ப வண்டியேறி வந்த, நொறுங்கிய இஞ்சினின் கிராங்கு கிடந்தது. எண்ணெய்த் துளைகள் மூன்று. ஒவ்வொன்றும் பென்சில் பருமன்.

"கழுவி, காத்தடிச்சு, சுத்தம் பண்ணினதும் துளையை அடைச்சிரணும். பட்டறையில பறக்கிற தூள் உள்ள போகக்கூடாது பாருங்க," என்றார் ஞானராஜ். "சோணைமுத்து வேப்பங்குச்சி சீவி அடைப்பான். பூட்டுறப்போ அவனே உருவுவான். எண்ணிப் பாப்பான். அதுல கெட்டிக்காரன்."

"துளை மூணு. அடைபட்டது எத்தனை?"

"நடுவுல இருக்கிறது ஒண்ணுதான்."

ஜெபதுரை சுண்டுவிரலை அந்தத் துளைமேல் வைத்துப் பார்த்தார். "கெடுக்கணும்னு வந்தவன் மூணையும் அடைப்பான். மூணும் ஒரே வேலை, ஒரே மக்கு. ஒண்ணை மட்டும் அடைச்சிட்டு ரெண்டை விட்டுவைக்கிறவன் துரோகி இல்லய்யா, கோமாளி. அந்தக் குச்சியெல்லாம் எங்க?"

"கம்பியில கோத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருவான். யாரையும் தொட விடமாட்டான்."

"இம்புட்டுப் பொறுப்பா இருக்கவனுக்கு நீங்க ஏன் ஜாமீன் நிக்கல?"

ஞானராஜ் காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்தார், பார்த்தார், மறுபடி செருகினார். "நானும் கோர்ட்டுக்கு வரணும். சாட்சி போட்டிருக்காக," என்று மட்டும் சொன்னார்.

*

சோணைமுத்துவின் மனைவி கருத்தம்மா தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஜெபதுரையைப் பார்த்ததும் வணக்கம் வைத்தாள். இருதயத்தைப் பார்த்ததும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாங்கய்யா நாடகக்காரரே. எங்க வீட்டுக்காரவுக மாதிரி இன்னொருக்கப் பேசிக் காட்ட வந்தீகளா? ஜெயில்ல அவிய இப்பம் வாயே தொறக்குறதில்ல. அதையும் நடிச்சுக் காட்டும், பாப்போம்."

இருதயம் ஜெபதுரையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"தாயி, கோவத்தை வச்சிரு, ஓடிப்போகாது," என்றார் ஜெபதுரை. "சோணைமுத்து வேப்பங்குச்சி போட்டு வைக்கிற டப்பா இருக்காமே?"

அவள் மறுபடி பூட்டைத் திறந்து ஒரு பிஸ்கோத்துத் தகரத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே கம்பி வளையங்களில் கோத்த குச்சிகள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு தகரத் துண்டு. அதில் ஊர்ப்பேர் கீறியிருந்தது. சேத்தூர். முகவூர். தேவதானம்.

"அடுப்பெரிக்கக்கூட விடமாட்டாவ," என்றாள். "அதே இஞ்சின் திரும்பி வந்தா அதே குச்சி போடணுமாம். பொண்டாட்டிகிட்ட இம்புட்டுக் கரிசனம் கிடையாது."

தேவதானத்து வளையத்தில் மூன்று குச்சிகள். ஜெபதுரை அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். பஞ்சில் கலப்படம் பார்க்கிறவருக்குக் கண்ணைவிட மூக்கு சொன்னபடி கேட்கும். முதல் குச்சியை விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதை மோந்தார், திருப்பிப் பிடித்து மறுபடியும் மோந்தார்.

"இந்தா, நீ பாரு."

இருதயம் மூக்கருகே கொண்டுபோனான். இஞ்சின் எண்ணெய், அதன் அடியில் கசப்பு, அதற்கும் அடியில் கோயில்.

சந்தனம்.

குச்சி அவன் கையில் கனத்தது. ஆயுத பூசை மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது. லேத்துக்கும் வைஸுக்கும் சுத்தியலுக்கும் ஆட்கள் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் எல்லோரும் ஒரு கை வைக்க வேண்டும் என்று கிண்ணத்தை இவனிடமும் நீட்டினார்கள். சோணைமுத்து வாசலில் முத்துவீரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சின்மேல் கிராங்கு பளபளவென்று, மூன்று குச்சி துருத்திக்கொண்டு கிடந்தது. "மூக்குக் குத்தின புள்ளைக்குக் குச்சி போட்டு வச்ச மாதிரி இருக்கே, பொட்டில்லாம கெடக்கு பாவம்," என்றான் இருதயம். பொரி தின்ற வாய்களெல்லாம் சிரித்தன. சிரிப்பு வந்தால் நிறுத்தத் தெரியாதவன் அவன். நடுக்குச்சியைப் பல்லால் கடித்து உருவினான். கெட்டிச் சந்தனத்தை வழித்து அந்தத் துளைமேல் வட்டமாக அப்பினான். "ஏலே, சோணை பாத்தா கையை முறிச்சிருவான், குச்சியை மாட்டிரு," என்று யாரோ சொன்னார்கள். சந்தனத்தோடு சேர்த்துக் குச்சியைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினான். மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பொரிக்குத் திரும்பினான்.

"பூசையன்னிக்கு யாரோ வெளையாட்டாச் சந்தனம் வச்சிருக்கான்," என்று ஜெபதுரை கருத்தம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "பூசை போட்ட பொறவு மறுநாள் வரை எவனும் ஆயுதத்தைத் தொடமாட்டான். ராவெல்லாம் குச்சிக்கு அடியில காஞ்சு கல்லாயிருக்கு. இஞ்சின் சூட்டுல கருகினதும் வாசனை போயி, மக்கு மாதிரி ஆயிப்போச்சு. காலையில சோணைமுத்து குச்சியை எண்ணினான். மூணும் சரியா இருந்துது, உள்ள தங்கின கட்டி தெரியல."

"அப்பம் அவியளை விட்டுருவாகளா?"

"வச்சவன் வந்து சொன்னா விடுவாக. இல்லைன்னா இதையும் சோணைமுத்தே வச்சான்னு எழுதிக்கிடுவாக."

"யாருய்யா அந்தக் கை வெளங்காமப்போவான்?" என்றாள் கருத்தம்மா.

இருதயம் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கருத்தம்மா முன்னால் பெண்களோடு உட்கார்ந்தாள். இவர்கள் கடைசி சீட்டில். புளியமரங்கள் ஓடின. யாரோ வைத்திருந்த கோழி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்சேபம் தெரிவித்தது. இருதயம் மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தான். வச்சது யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. சிரித்தவர்களுக்குக்கூடச் சந்தனம் ஞாபகமிருக்காது. பட்டறைக்காரன் எவனாவது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். வேல்சாமிக்குத் தோள் உடைந்தது உடைந்ததுதான். இப்படியே விலையைக் குறைத்துக்கொண்டே வந்தான். அடிமட்டத்துக்கு வந்தபோது முன் சீட்டில் அந்தத் தூக்குச்சட்டி தெரிந்தது. பள்ளத்தில் சிந்திவிடாமல் அவள் அதை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சி," என்றான்.

"சொல்லு."

"நாந்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"கருத்தம்மா வீட்டுல இருந்து முக்கா மணி நேரமா நீ பேசல. கோழி இம்புட்டுச் சத்தம் போடுது, அதுக்கும் நீ ஒண்ணும் சொல்லல. உன் வாய் அடைபடணும்னா உள்ள ஏதோ பெருசா மாட்டியிருக்கணும்."

இருதயத்துக்குக் கண் கலங்கிற்று. பேசினதும் நான், வச்சதும் நான், ஒரே ஆளாக ஒரு குடும்பத்தை இரண்டு முறை கெடுத்தேன் என்று சொல்ல நினைத்தான். வந்தது ஒரு விக்கல்.

"முழுசும் நீயே எடுத்துக்கிடாதே," என்றார் ஜெபதுரை. "பாதிக்கு வேற ஆள் இருக்கான். நான் அந்தச் சுவத்துல சாஞ்சது ஏன்னு நெனச்சே?"

"வயசாயிட்டுதுன்னு."

"உன்னைப் பொறவு கவனிக்கேன். சுண்ணாம்பு நனைஞ்சா அடியில இருக்கிறது தெரியும். துண்டு ஈரம் பட்டதும் தார் எழுத்து வந்துட்டுது. ஆறாவது விதி, குச்சியை உருவினதும் கம்பியை விட்டுப் பார். துளை அடைபட்டிருந்தா கம்பி மறுபக்கம் வராது. சோணைமுத்து அதைச் செய்யாம விடுற ஆளா? செய்ய விடாதவன் யாரோ, அவன்தான் அதுமேல சுண்ணாம்பு அடிச்சான்."

பஸ் நின்றது. இறங்கியதும் இருதயம் நேராகக் கருத்தம்மாவிடம் போனான். நாலே வாக்கியத்தில் சொன்னான். சிரிப்பு மூட்டும்படி ஒரு வார்த்தையும் இல்லாமல் அவன் ஜன்மத்தில் சொன்ன முதல் நாலு வாக்கியம் அது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் தூக்குச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"கோர்ட்டுலயும் இப்படியே சொல்லும்," என்றாள். "நடிக்காமச் சொல்லும்."

*

கோர்ட்டு வராந்தாவில் ஞானராஜ் தூணோரம் நின்றார். சற்றுத் தள்ளி மில்காரர் முத்துவீரன், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வக்கீல். ஜெபதுரை ஞானராஜிடம் போனார். துண்டை உதறித் தோளில் போட்டார். அதன் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஞானராஜ் அந்த வெள்ளையைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வண்டி மாடு பூட்டி நின்னுது," என்றார் மெதுவாக. "முத்துவீரன் ஆள் வாசல்ல கத்திக்கிட்டே இருந்தான். சோணைமுத்து கம்பியைக் கையில எடுத்தான். 'நேத்துத்தானே காத்தடிச்சே, கம்பி கிம்பியெல்லாம் வேண்டாம், மூடுலே'ன்னு நாந்தான் சொன்னேன். கம்பியை அவன் கையில இருந்து வாங்கினேன். இந்த மாசத் திருவிருந்துக்குக் கோயிலுக்குப் போயி, அப்பத்தை எடுக்க மனசு வராமத் திரும்பி வந்துட்டேன்."

"போலீசுகிட்ட அவன் இதைச் சொல்லலையே."

"சொல்லல. அதான் எனக்குத் தாங்கல."

ஜெபதுரை முத்துவீரனை ஒரு ஓரத்துக்குக் கூப்பிட்டார். முதலில் குச்சியை மோந்து பார்க்கச் சொன்னார், இருதயத்தைக் காட்டினார், ஞானராஜைக் காட்டினார், அவசரப்படுத்தின ஆள் யாருடைய ஆள் என்பதையும் நயமாகச் சொன்னார். பிறகு பஞ்சுப்பேட்டை வழக்கப்படி துண்டை விரித்துப் போட்டு, அதனடியில் முத்துவீரனின் கையைப் பிடித்தார். பேச்சு விரல்களில்தான்; பேரம் நாட்களைப் பற்றியது. ஞானராஜ் தன் செலவில் இஞ்சினைத் திரும்பக் கட்டித் தர எத்தனை நாள்? முத்துவீரன் எட்டு விரல் பிடித்தார். தரகர்கள் குறைத்துத்தான் இருதயம் பார்த்திருக்கிறான். ஜெபதுரை ஏற்றிக்கொண்டே போனார்.

"பதினஞ்சு," என்று துண்டை உருவினார். "ஆறவிட்டு அளக்கணும்ல."

உள்ளே மாஜிஸ்திரேட் இருதயத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கிறிஸ்தவன். உனக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற வேலை ஏன் வந்தது?"

"சிரிக்க வைக்கத்தான் எசமான்."

"யாராவது சிரித்தார்களா?"

"எல்லாரும் சிரிச்சாவ."

ஞானராஜும் சொன்னார். கம்பியைப் பற்றிச் சொன்ன இடத்தில், கூண்டில் நின்ற சோணைமுத்து முதன்முதலாக நிமிர்ந்தான். முத்துவீரனின் வக்கீல் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுந்து சொன்னார். மாஜிஸ்திரேட் சோணைமுத்துவை விடுதலை செய்து, மற்ற இருவரையும் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு குற்றவாளியைக் காட்டுகிறோம் என்று வந்தார்கள். இப்போது எண்ணவே பயமாக இருக்கிறது," என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வாசலில் சோணைமுத்து மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டிச் சோற்றைத் தின்றான். இருதயமும் ஞானராஜும் எட்ட நின்றார்கள். சோணைமுத்து கை கழுவிவிட்டு வந்தான். இளைத்திருந்தான். இருதயத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேல்சாமி எங்க கெடக்கான்?" என்று கேட்டான்.

"தேவதானத்துல, வீட்டுலதான்," என்றார் ஞானராஜ்.

"கம்பியை நீங்க வாங்கினீக, சரி. நான் குடுத்தேன்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க ரெண்டு பேரும்."

கருத்தம்மாவும் ஜெபதுரையும் ராஜபாளையத்தில் இறங்கிக்கொண்டார்கள். "இதுக்குத் தரகர் தேவையில்ல," என்றார் ஜெபதுரை.

*

சாயங்காலம் நாலு மணிக்குத் தேவதானத்தில் மூன்று பேர் ஒரு வாசலில் நின்றார்கள். மூன்று பேருக்கும் யார் முதலில் குனிந்து நுழைவது என்பதில் பெரிய மரியாதை. கடைசியில் மூவரும் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

வேல்சாமி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். தோள் முழுக்க மூங்கில் பத்தையும் கட்டும். சோணைமுத்துவைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. நல்ல கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான்; முடியவில்லை.

மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"வேண்டாம்ணே," என்று வேல்சாமி கையைத் தூக்கினான். "நீங்க கேக்கும்முன்ன நானே சொல்லிருதேன். எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். இருவது நாளா எனக்குத் தூக்கமில்ல. கிராங்குக்கு மேல, நடுத் துளைக்கு எண்ணெய் விடுற கிண்ணத்தை நான் பாத்தேன். இஞ்சின் ஓட ஓட அதுல எண்ணெய் கொறையணும். அன்னிக்குக் கொறையவே இல்ல. விளிம்பு வரைக்கும் அப்படியே நின்னுது. நிறுத்தியிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? 'சோணைமுத்து கை பட்ட இஞ்சின், சொட்டு எண்ணெய் குடிக்கல'ன்னு முதலாளிகிட்ட பெருமை பேசிக்கிட்டு நின்னேன். வேலை போயிரும்னு போலீசுகிட்ட சொல்லல. உங்களை உள்ள தள்ளினது நாந்தான்ணே."

ஞானராஜ் கண்ணாடி நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். சோணைமுத்து கட்டில் காலோரம் தரையில் உட்கார்ந்து, அந்த மூங்கில் பத்தையின் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தான்.

இருதயம் முன்னால் வந்தான். சொல்லவேண்டியதைச் சொல்லத் தோதாக, தானும் தரையில் உட்கார்ந்தான்.

"வேல்சாமி அண்ணே," என்றான், "அந்த எண்ணெய் ஏன் கொறையலன்னு நான் சொல்லுதேன்."